பேசாத ரேடியோ

இலங்கை மலைநாட்டில், டிக்கோயா சுகிர்தம் டீச்சர் 1979இல் தன் பழைய காரை ஹட்டனுக்கு, ரேடியோ திருத்தும் லியனார்டிடம் கொண்டுவந்தார். காரோடு வந்த ரேடியோ நாலு நாளாகப் பேசவில்லை.

"புதுசு மாட்டிடலாம் டீச்சர்."

"வேணாம். இதேதான் பேசணும்."

லியனார்ட் ரேடியோவைக் கழற்றி மேசையில் வைத்தார். ஸ்பீக்கர் வயர் அறுந்திருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்தார். பேட்டரியில் இன்னும் இணைக்கவில்லை. ஆனாலும் ஸ்பீக்கர் கரகரத்தது.

"சுகிர்தம், பனியா இருக்கு. மெதுவா ஓட்டு."

மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன டீச்சரின் கணவர் அமிர்தநாதனின் குரல்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலு நாளா ஏங்க பேசல? பயந்துட்டேன்."

"வயர் அறுந்துபோச்சும்மா" என்றது ஸ்பீக்கர்.

லியனார்ட் பற்றவைத்த இடத்தில் இன்னொரு தடவை ஈயம் வைத்தார்.