முகத்தைப் பார்த்தால் தெரியும்

"பொண்டாட்டியைச் சந்தேகப்படுறது ஒரு வியாதி. எல்லாம் உங்க கற்பனை" என்று மனநல ஆலோசகி மாசக்கணக்கில் அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"வீட்லருந்தே வீடியோவுல பேசறேனே மேடம்?" என்று அவரும் ஒவ்வொரு தடவையும் கெஞ்சுவார்.

"ம்ஹூம். நேர்ல முகத்தைப் பார்த்தாத்தான் எனக்கு மனசு புரியும்" என்று ஒற்றைக்காலில் நிற்பாள்.

இன்று கிளினிக்கில் திடீரென்று கரண்ட் போய்விட்டது. வந்துகொண்டிருந்தவரைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, வேண்டாவெறுப்பாக வீடியோவில் அழைத்தாள்.

அவர் தன் வீட்டு ஹாலில் இருந்தார்.

"ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க?"

"நான் உங்க கிளினிக்ல இருக்கேன்னு என் பொண்டாட்டி நினைச்சிட்டிருக்கா. பெட்ரூம் உள்பக்கம் தாழ் போட்டிருக்கு மேடம்."

"மறுபடியும் கற்பனையா?" என்று அவள் சலித்துக்கொண்டாள்.

அவர் போனைத் திருப்பினார். மேஜைமேல் ஒரு ஹெல்மெட். அதன் பின்பக்கம் மஞ்சள் கிளி ஸ்டிக்கர், கோணலாக. இன்று காலையில்தான் ஆலோசகியின் மகள் அதைத் தன் அப்பாவின் ஹெல்மெட்டில் ஒட்டினாள்.

"நான் எப்போ உங்க முன்னாடி உட்கார்ந்திருப்பேன்னு உங்க வீட்டுக்காரருக்கு நல்லாத் தெரியும் மேடம்."



அவர் திரையில் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"முகத்தைப் பார்த்தா மனசு புரியும்னு சொன்னீங்க. நிஜம்தான். இப்ப நல்லாப் புரியுது."