எதிர் வீட்டுத் தொட்டி

“பச்சையா, நீலமா? சீக்கிரம் பார்த்துச் சொல்லு” என்று ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டான் அவன்.

மனைவி ஜன்னல் திரையை இரண்டு விரல் அளவுக்கு விலக்கி, எதிர் வீட்டு வாசலை நோட்டம் விட்டாள். “இன்னும் ஒண்ணும் வெக்கலைங்க. கொஞ்சம் பொறுங்க.”

வெளிநாட்டுக்கு வந்த இந்த ஆறு வாரத்தில் அவர்கள் வீட்டுப் புதன்கிழமைகள் இப்படித்தான் விடிகின்றன. குப்பைக்கு நாலு தொட்டி, நாலு நிறம். எந்த வாரம் எதை வாசலில் வைப்பது என்று ஒரு அட்டவணை இருந்தது. முன்பு குடியிருந்தவர் ஒட்டிவிட்டுப் போனது, வெயிலில் வெளுத்துப்போய் எல்லா நிறமும் ஒரே நிறமாகிவிட்டது. நாற்பது மாடிக் கட்டடத்துக்குக் கம்பிக் கணக்குப் போடும் இன்ஜினியர், நாலு தொட்டியிடம் தோற்றுப்போனான்.

தப்பான தொட்டியை வைத்தால் தபால் பெட்டியில் சிவப்புத் தாள் ஒன்று வந்து விழும். முதல் தாளைக் கைபேசியில் மொழிபெயர்த்தபோது, ‘உங்கள் தொட்டி மனம் வருந்துகிறது’ என்று வந்தது. இரண்டாவது வந்ததும் வீட்டுக்காரரே தொலைபேசியில் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது தாள் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாய் படாத பாடு பட்டுப் பிடித்த வீடு. அவரிடமே நிறத்தைக் கேட்கலாம் என்றால், இதுகூடத் தெரியாதவனுக்கா வீடு கொடுத்தோம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.

அதனால்தான் எதிர் வீட்டைப் பார்த்து வைப்பது. ஒன்றிரண்டு வாரம் இவர்கள் அவசரத்தில் முந்தி வைத்தபோதும், சற்று நேரத்தில் எதிர் வாசலிலும் அதே நிறம் வந்து நின்றது. பார்த்து வைத்தும் தாள் வந்ததற்கு, தொட்டிக்குள் போட்டதில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டியிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரர்கள் தப்புச் செய்வார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அப்படி ஒரு ஒழுங்கு, அப்படி ஒரு அமைதி. முகம்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. இந்தக் குளிரில் தெருவில் எல்லோருமே கண் மட்டும் தெரியப் போர்த்திக்கொண்டு, தூரத்திலேயே கையை ஆட்டிவிட்டு நழுவிவிடுவார்கள்.

“லாரி அடுத்த தெருவுக்கு வந்துடுச்சு போல, சத்தம் கேக்குது” என்றாள் மனைவி. “அவங்க முழிச்சுத்தான் இருக்காங்க, திரை அசையுது. இன்னிக்குன்னு பார்த்து ஏன் வெக்க மாட்டேங்கிறாங்க?”

ஏதாவது ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய் வைத்துவிடலாமா என்றான் அவன். குருட்டாம்போக்கில் வைத்து, அடுத்த மாதம் பெட்டியும் படுக்கையுமாக நடுத்தெருவில் நிற்கவா என்று கேட்டாள் அவள். நேராகப் போய்க் கேட்டுவிடுங்கள், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவனைத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

குல்லாவைக் காது வரை இழுத்து, மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்தான். ‘மன்னிக்கவும், இன்று எந்த நிறம்?’ என்பதை அந்த ஊர் மொழியில் பத்துத் தடவை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு அழைப்பு மணியை அழுத்தினான்.

கதவு பாதி திறந்தது. தலையோடு கம்பளி போர்த்திய ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள், சங்கடமாகச் சிரித்து, ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு, உள்ளே திரும்பித் தமிழில் குரல் கொடுத்தாள்.

“ஏங்க, அந்த எதிர் வீட்டு உள்ளூர்க்காரர் வந்திருக்கார். அவர் வெக்கிற தொட்டியைப் பார்த்துத்தானே நாமளும் வெக்கிறோம், அப்புறமும் நமக்கு ஏன் ரெண்டு சிவப்புத் தாள் வந்துச்சுன்னு நீங்களே கேட்டுடுங்க.”