இன்னும் பதினாறு

"கட்! கடைசி பெஞ்சுல யாரு அந்தப் பொண்ணு? மூஞ்சி பூரா பரு, சட்டையில இங்க் கறை. ஸ்கூல் பொண்ணு மாதிரியா இருக்கா? நம்ம ஹீரோயினைப் பாருங்கய்யா!" டைரக்டர் எரிந்து விழுந்தார்.

பிளஸ் ஒன் மாணவியாக நடிக்கும் ஹீரோயினுக்கு முப்பத்திரண்டு வயது. முதல் பெஞ்சில் லிப்ஸ்டிக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சார், நான் பதினாலு பேருக்குத்தான் மேக்கப் போட்டேன். இது பதினஞ்சாவது ஆளு," என்றார் மேக்கப் அக்கா.

"அப்போ வெளிய அனுப்புங்க!"

பல வருடம் பூட்டிக் கிடந்த அந்தப் பள்ளியை ஷூட்டிங்குக்காகத் திறந்துவிட்ட வாட்ச்மேன், பதறி ஓடிவந்தார்.

"விரட்டிடாதீங்க சார். என் பொண்ணுதான். ஒரு ஓரமா உட்கார்ந்துட்டுப் போகட்டும்."

டைரக்டர் இறங்கிவந்தார். "சரி, இருக்கட்டும். என்ன வயசு?"

"பதினாறு சார். இந்தக் கிளாஸ் கூரை இடிஞ்சு விழுந்து இருபது வருஷம் ஆச்சு. இன்னும் பதினாறுதான்."