செத்த மட்டை

"ராசண்ணை, சொந்த ஊருக்கு இப்பிடிச் செய்யலாமோ?"

விதுசன் இரண்டு கிரிக்கெட் மட்டைகளைத் தச்சு மேசையில் போட்டான். எங்கள் ஊர் அணிக்கு அவன்தான் தலைவன். பின்னால் லக்ஷன், மீன்காரரிடம் இரவல் வாங்கிய தராசோடு.

ராசு சீவுளியை நிறுத்தவில்லை.

"என்ன செய்துபோட்டன்?"

"ரெண்டும் நீங்கள் செய்த மட்டை. இது எங்களுக்குத் தந்தது. அது ஓமந்தைக்காரருக்குக் குடுத்தது. லக்ஷன்ரை மச்சானிட்டை ஒரு நாளைக்கு வாங்கிக்கொண்டு வந்தனாங்கள்."

"நல்லது. நாளைக்கு மறக்காமல் திருப்பிக் குடுங்கோ."

லக்ஷன் அளந்தான். இரண்டுக்கும் நீளம் ஒன்று. அகலம் ஒன்று. தராசில் கொழுவினான். ஓமந்தை மட்டை இருபது கிராம் கூடுதல். அதுவும் பிடியில் சுற்றின சைக்கிள் ரியூப்பின் பாரம்.

"மரமும் ஒண்டுதான். ஒரே வேம்பு," என்றார் ராசு.

"அப்ப இதைப் பாருங்கோ."

விதுசன் மட்டையை ஒரு விரலில் கிடத்தினான். எங்கள் மட்டை பிடிக்குக் கிட்டவே சரிபாரத்தில் நின்றது. ஓமந்தை மட்டைக்கு விரல் நல்லாய்க் கீழே போகவேண்டியிருந்தது.

மட்டையின் முதுகில் தடித்திருக்கிற இடத்தை வயிறு என்பார்கள். லக்ஷன் தடவிப் பார்த்தான்.

"எங்கடை மட்டைக்கு வயிறு கழுத்திலை இருக்கு. அவையின்ரைக்குத்தான் வயிறு வயித்திலை இருக்கு."

பிறகு பந்தைத் தட்டினான். எங்கள் மட்டையில் ஒரு முழம் எழும்பியது. ஓமந்தை மட்டையில் எழும்பி அவன் மூக்கில் பட்டது.

"செத்த மட்டை அண்ணை இது. நாலு போகும். சிக்ஸ் போகாது," என்றான் விதுசன்.

"நாலு போகுதுதானே?"

"ஞாயிற்றுக்கிழமை ஓமந்தையோடை இறுதி ஆட்டம். முதல்தரமா எங்கடை மைதானத்திலை. அவங்கள் சிக்ஸ் சிக்ஸா அடிக்க, நாங்கள் ஓடி ஓடி ஒண்டு ரெண்டு எடுக்கிறதோ?"

"ஓடினால் உடம்புக்கு நல்லது."

லக்ஷனுக்குப் பொறுக்கவில்லை.

"மகள் ராஜினியை ஓமந்தையிலை கட்டிக் குடுத்தனீங்கள். சம்மந்தி ஊருக்கு உயிர் மட்டை, சொந்த ஊருக்குச் செத்த மட்டை. ஊரே கதைக்குது."

ராசு மரச்சீவலை ஊதித் தள்ளினார்.

"மைதானத்துக்குத் தக்கதாத்தான் மட்டை, தம்பி."

"இனி உங்களிட்டை வாங்கமாட்டம்," என்றான் விதுசன். "கழகம் செய்யச் சொன்ன ஆறு மட்டையும் வேண்டாம்."

"சரி."

அவர் சீவிக்கொண்டிருந்தது அந்த ஆறில் நாலாவது. அதைச் சுவரோடு சாத்திவிட்டு, ஒரு உடைந்த கதிரையை எடுத்துக் கால் பூட்டத் தொடங்கினார்.

அன்று பின்னேரம் விதுசன் ஓமந்தை மட்டையோடு மைதானத்தில் நின்றான். லக்ஷன் போட்ட முதல் பந்து. வீசினதுதான் தெரியும். பந்து வேலியைத் தாண்டிப் போய், அங்கே தனியே இருக்கிற வீரம்மாவின் வீட்டுத் தகரக் கூரையில் டமார் என்று விழுந்தது.

பொடியள் துள்ளினார்கள். அந்தக் கூரைக்கு இதுவரை ஒருவரும் அடித்ததில்லை.

"உதுதான் மட்டை!" என்றான் லக்ஷன்.

அடித்தவனே பந்தை எடுக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். விதுசன் வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து போனான்.

போனவனைக் காணவில்லை.

"வீரம்மாக்கா தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறா போலை," என்று சிரித்தார்கள்.

கால் மணித்தியாலம் கழித்து வந்தான். சேட்டின் முன்பக்கம் முழுக்கப் புழுதி. தலையில் சிலந்தி வலை.

"விழுந்தனியோடா?"

"ஓம்."

"பந்து எங்கை?"

"மறந்திட்டன்."

அந்த இடத்திலேயே நின்று ஓமந்தை அணித் தலைவனுக்குப் போன் எடுத்தான்.

"ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை உங்கடை மைதானத்திலை வைப்பம். எங்கடையிலை புல்லுக் காணாது."

லக்ஷன் வாயைப் பிளந்தான்.

"என்னடா, சொந்த மைதானத்தையே தூக்கிக் குடுக்கிறாய்? உனக்கும் ஓமந்தையிலை பொம்பிளை பேசுகினமோ?"

விதுசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியே ராசுவிடம் போனான்.

"ராசண்ணை, அந்த ஆறு மட்டையையும் செய்யுங்கோ. வயிறு கழுத்திலேயே இருக்கட்டும்."

ராசு அவனுடைய சேட்டைப் பார்த்தார்.

"கட்டிலுக்குக் கீழையோ?"

"ஓம்."

"போன மாரியிலை ஒழுக்குப் பாக்க அந்தக் கூரையிலை ஏறினனான். சுத்தியல் கைதவறித் தகரத்திலை விழுந்தது. உள்ளை வீரம்மா கத்தின சத்தம் கேட்டு இறங்கி ஓடிப்போனன். நானும் அரை மணித்தியாலம் அங்கைதான் கிடந்தனான்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை."

"சொன்னால் ஒருத்தன் எண்டாலும் வேணுமெண்டு அடிப்பான். அவவுக்கும் வெக்கம்."

சாத்தி வைத்த மட்டையை ராசு திரும்ப மேசையில் எடுத்து வைத்தார். விதுசன் அதைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்.

"பந்தைக் கேக்க வாசல்லை போய் நிண்டனான், அண்ணை. அவ எட்டிக் கையைப் பிடிச்சு இழுத்து, கட்டிலுக்குக் கீழை என்னைச் சுவர்ப் பக்கம் தள்ளிப்போட்டு, தான் வெளிப்பக்கம் கிடந்தா. 'எந்திரிக்காத சாமி, இன்னும் ரெண்டு ஷெல் குண்டு விழும்' எண்டா."