கௌதமன் கட்டிய காப்பகம்

"ஏனுங்க, பேப்பர் பாத்தீங்களா? நம்ம கௌதமன் அண்ணனுக்கு விருது குடுக்கறாங்களாமா!" என்றாள் நந்திதா.

கதிர்வேலுக்கு வாயில் வைத்த இட்லி இறங்கவில்லை.

சூலூரில் கௌதமனுக்குப் பம்பு கம்பெனி, அதே ரோட்டில் கதிர்வேலுக்கு நூல் மில். சின்ன வயதில் இருவரும் ஒரே பெஞ்சு. பொறாமையும் அந்தப் பெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டதுதான்.

"என்னத்தக் கிழிச்சுப்போட்டான்? லாபத்துல ஒரு பங்கை ஊருக்குச் செலவு பண்ணோணும்னு சட்டமே இருக்குது. அதுக்குப் பயந்து, வேலைக்குப் போறவங்க பகல்ல பிள்ளைகள விட்டுட்டுப் போக ஒரு காப்பகம் கட்டிப்போட்டான். நானுந்தான் பஸ் ஸ்டாப் கட்டினேன். எனக்கு யாரு விருது குடுத்தா?"

"அங்க பஸ்ஸே நிக்கறதில்லீங்களே" என்றாள் நந்திதா.

கட்டிய பொண்டாட்டியே இப்படிச் சொன்னால் வயிறு எரியாதா? அந்த எரிச்சலில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

தன் கம்பெனி ஆட்களுக்கு மட்டும் செய்கிற உதவி அந்தச் செலவில் சேராது. இதுவும் சட்டம்தான். காப்பகத்தில் இருப்பதெல்லாம் கௌதமனின் ஆட்கள் பெற்ற பிள்ளைகளாக இருந்துவிட்டால்? ஒரு வீடியோ போதும். விருதும் போகும், மானமும் போகும்.

மத்தியானமே கிளம்பிவிட்டார்.

காப்பகத்தில் வரிசையாகத் தொட்டில்கள். ஆயா கருப்பாத்தாள் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி ஏற்றிய காரிலேயே போய்வருகிற மனிதரை அவளுக்கு எப்படித் தெரியும்?

"வாங்க, உக்காருங்க. என்ன வேணுமுங்க?"

"சும்மா பாக்கலாமுன்னு வந்தனுங்க." செல்போனை எடுத்து மெல்ல வீடியோவைப் போட்டார். "எல்லாம் கௌதமன் கம்பெனி ஆளுங்க பிள்ளைகதானுங்களே?"

ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காகக் காது துடித்தது.

"இல்லீங்க. அவங்க பிள்ளைகளுக்குக் கம்பெனிக்குள்ளயே தனியா எடம் இருக்குதுங்க. இதுல ஒண்ணுகூட அவங்களுது கெடையாது."

சப்பென்று போய்விட்டது அவருக்கு. "அப்ப இதெல்லாம் யாரு பிள்ளைக?"

"பாவப்பட்ட சனமுங்க. மகராசன் எடம் குடுத்திருக்காரு. பால் குடுக்கற நேரந்தானுங்க, இப்ப அம்மாமாருங்களே வருவாங்க பாருங்க."

சொல்லி வாய் மூடவில்லை. தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு நாலைந்து பெண்கள் ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார்கள்.

முன்னால் வந்தவள் கதிர்வேலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடிப்போய்த் தொட்டிலில் இருந்த குழந்தையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி! பால் குடுத்துப்போட்டு ஓடியாந்தர்றோமுங்க. நம்ம மில்லுல பிள்ளைய விட எடமில்லீங்களே!"