நாலு விரல் மார்க்

"மாமா, இது டூப்பு. இதைக் கண்காட்சியில வெச்சா தச்சர் சங்கத்துக்காரங்க என் சட்டையைப் பிடிப்பாங்க."

அக்கா புருஷனான தபால்காரர் நீட்டிய உளியை இரும்புக் கடைக்காரன் கையில்கூட வாங்கவில்லை. சங்கம் நடத்தும் பழைய கருவிகள் கண்காட்சிக்கு அவன்தான் பொறுப்பு.

தபால்காரருக்கு மரவேலை ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். காயலான் கடையில் கிடைத்த அந்த உளியைக் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்தார்.

"அக்கா புருஷன் கொண்டுவந்தான்னு இளக்காரமா பாக்காதடா. வைரம் பாஞ்ச மரத்தை வெண்ணெய் மாதிரி சீவுது."

"சீவட்டும். மார்க்கைப் பாருங்க."

உளியின் கழுத்தில் நகத்தளவில் ஒரு விரித்த கை. பேர்பெற்ற 'கை மார்க்' கம்பெனியின் முத்திரையில் ஐந்து விரல். இதில் நான்குதான்.

"கம்பெனிக்காரன் கேஸ் போட்டா, 'ஐயா, எங்களுது நாலு விரல்'னு நழுவிடலாம் இல்ல? திருட்டுப் பய. ஊருக்கே தெரியும்."

"ஊருக்கே தெரிஞ்ச ஆளோட பேரைச் சொல்லு பாப்போம்."

கடைக்காரன் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணத் தொடங்கினான்.

"விலாசம் இல்லாத கடுதாசியையே கொண்டுபோய்ச் சேர்த்தவன்டா நான். கண்டுபிடிக்கிறேன்" என்றார் தபால்காரர்.

பழைய சாமான் வியாபாரிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் துப்புக் கொடுத்தது, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இன்னொரு தபால்காரர்.

"நாலு விரலா? ரயில் கொட்டகைக்குப் பின்னாடி, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரா நடத்தின பட்டறை. அந்தப் பார்சல்னாலே எனக்குக் காய்ச்சல் வந்துடும். தோள்பட்டை கழண்டு போகும்யா!"

மறுநாளே உளியோடு கிளம்பினார். கடைக்கார மச்சானும் அவர் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டான்.

"நீங்க தோக்கற மூஞ்சியை நேர்ல பாக்கணும் மாமா."

தான் தேடுவது நல்ல வேலைக்காரன் ஒருவனையா, மச்சானை மட்டம்தட்ட ஒரு சாக்கையா என்று வழியெல்லாம் தபால்காரருக்கு உறுத்தியது.

கதவைத் திறந்த அம்மாளுக்கு நல்ல வயது. பாத்திரம் துடைக்கும் துணியை இடது கையில் சுற்றியிருந்தார். வாசலறைதான் பட்டறையாக இருந்திருக்க வேண்டும். இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல்லின் மேல் கழுவிய தட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

உளியைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"அவர் போய்ச் சேந்தாச்சு. என்ன வேணும்?"

கடைக்காரன் முந்திக்கொண்டான். "இது கை மார்க்குக்கு டூப்பு தானேம்மா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போயிடறோம்."

"ஆமா, டூப்புதான். போதுமா? போங்க."

கடைக்காரன் தபால்காரரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். தபால்காரர் நகரவில்லை.

"அம்மா, லென்ஸ் வெச்சுப் பாத்தேன். சுண்டு விரல் இருக்கு. அதுக்குப் பக்கத்து விரல்தான் அடிக்கணுவோட நின்னுடுது. டூப்பு அடிக்கிறவன் ஓரத்து விரலை விட்டுட்டுப் போவான். நடுவுல ஒண்ணை அடிக்கணுவோட நிறுத்தி, இவ்வளவு சிரமப்பட்டு அச்சு வெட்டுவானா?"

உளியை அவரிடம் நீட்டினார். கூர்முனை தன் பக்கம், பிடி அவர் பக்கம்.

கருவியை இரண்டு கையாலும் வாங்கிப் பழகியவர் போலிருக்கிறது. தன்னையறியாமல் இரண்டு கையையும் நீட்டினார். துணி நழுவி விழுந்தது.

இடது கையில் மோதிர விரல் அடிக்கணுவோடு நின்றிருந்தது.

அந்த அம்மாள் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிடி மாத்தியிருக்கீங்க. இரும்பு எங்களுதுதான்" என்றார். பிறகு தானாகவே சொன்னார். "இடுக்கியால இரும்பைப் பிடிக்கிறது நான். சம்மட்டி அடிக்கிறது அவர். ஒரு அடி தப்பிப்போச்சு. மறுபடி சம்மட்டியைத் தொடமாட்டேன்னு ஒரே அடம். 'நான் பிடிக்கிறேன், நீங்க அடிங்க'ன்னு அதே இடத்துல போய் உக்காந்தேன். அதுக்கப்புறம் பண்ணின முதல் உளிக்குத்தான் இந்த மார்க்கு. அதுக்கு முன்னாடி எங்க சாமானுக்கு மார்க்கே கிடையாது."

கடைக்காரன் கீழே விழுந்த துணியைக் குனிந்து எடுத்தான். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, அவரைத் திருடன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்களேம்மா?"

"திருடன்னு சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவாருப்பா. பெண்டாட்டி கையை உடைச்சவன்னு எவனாவது சொல்லியிருந்தா, உலையை அணைச்சுட்டு மூலையில உக்காந்திருப்பாரு. எந்தப் பழியை அவர் தாங்குவார்னு நான்தானே பாக்கணும்? நான் வாயைத் திறக்கல. அவர் போனப்புறம், என்னைக் கேட்டு யார் வந்தா?"

கடைக்காரன் உளியைக் கேட்டு வாங்கினான். இந்த முறை இரண்டு கையாலும்.

"முதல் மேஜையில வைக்கிறேன்மா. பக்கத்துல நீங்க வந்து உக்காரணும்."

"ஐயோ, எனக்கு வெட்கம்பா. அன்னைக்கே இந்த மார்க்கைப் பாத்துட்டு, 'ஊரே சிரிக்கும், முழுக் கையா அடிச்சுத் தொலைங்களேன்'னு அழுதேன்."

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டார் தபால்காரர்.

அம்மாள் விரல் நின்ற இடத்தைத் தடவிக்கொண்டார்.

"'இந்த இரும்பைப் பிடிச்ச கையில இருக்கறது நாலு விரல். அஞ்சுன்னு அடிச்சாத்தான்டி அது டூப்பு'ன்னுட்டார்."