பொதுத் தரவுத்தளம்

சொனோராப் பாலைவனக் காட்டில், காணாமல்போன பிள்ளைகளைத் தேடித் தோண்டும் தாய்மார்களுக்கு நெரேயோ என்ற இளைஞன் போன் செயலி ஒன்று எழுதிக் கொடுத்திருந்தான். தோண்டுகிற ஒவ்வொரு குழியும் அதில் ஒரு வேலையாகப் பதிவாகும். இதுவரை பதிவுகள் அவரவர் போனில்தான் இருந்தன.

"தரவுத்தளம் இப்படியே போன்ல இருக்கட்டுமா, எல்லாருக்கும் பொதுவா சர்வர்ல வைக்கட்டுமா?" என்று கேட்டான்.

"போன்லயே இருக்கட்டும் தம்பி. காட்டுல ஏது சிக்னல்?" என்றாள் சாயோ.

"ஊருக்குத் திரும்பினதும் ஏறிக்கும் அக்கா."

"அப்ப சர்வர்தான்," என்றாள் எல்வீரா. "யார் மண்ணுல கம்பியைக் குத்திப் பிண வாடை வருதான்னு மோந்து பார்த்தாலும் சரி, என் மகன் அபெலார்தோ கிடைச்சா அன்னிக்கே எனக்குத் தெரியணும். உன் போன்ல என்னடி, கள்ளப் புருஷனையா ஒளிச்சு வச்சிருக்கே?"

எல்லாரும் சிரித்தார்கள். சாயோ சிரிக்கவில்லை. கை தூக்கிப் பார்த்ததில் எல்வீரா பக்கம்தான் ஜெயித்தது.

நெரேயோ ஒவ்வொரு போனாக வாங்கிப் பதிவுகளைச் சர்வரில் ஏற்றினான். கடைசியாகத் தன் போனைக் கொடுத்த சாயோ, எல்வீராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்வீராவின் திரையில் சாயோவின் பதிவாகப் புதிதாக ஒரு வரி வந்தது: பச்சைச் சட்டை. ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு. வேலை முடிந்தது.

அபெலார்தோவின் சட்டையில் அந்தப் பொத்தானைத் தைத்தது எல்வீராதான்.

"குழியை மூடிச் சிலுவை நட்டுட்டேன்டி," என்றாள் சாயோ. "தினம் அவனுக்கும் சேர்த்து ரொட்டி சுடுறவகிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

எல்வீரா அந்த வரியை விரலால் ஒருமுறை தொட்டாள். பிறகு நெரேயோ பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இதைத் திரும்ப அவ போன்லயே போட்டுட முடியுமா?"